ஆணி அடிக்காத பெரியப்பா

முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய ஒரு மனிதர், சுவரில் ஒரு சின்ன ஆணி அடிக்கப் பயந்தார் என்றால் நம்புவீர்களா? இந்த உலகத்திலேயே அப்படி ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் ஆணி பெரியப்பா. ஆணி அடிக்காததாலேயே வந்த பட்டப்பெயர் அது.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். “எதுக்கு வாடகை ஊட்டுக்குப் போவணும்? எல்லாரும் இங்கியே இருக்கலாம்” என்று முதலில் சொன்னது அப்பா இல்லை, அம்மா.

எண்பதுகளின் கடைசி அது. மேனாம்பேட்டில் அப்பா, அம்மா, நான், தங்கை இருந்த வீட்டுக்குப் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகன், மருமகள், கைக்குழந்தை எல்லோரும் லாரியில் வந்து இறங்கினார்கள். வீட்டில் திடீரென்று இரண்டு கிரைண்டர், இரண்டு மிக்சி, இரண்டு டி.வி. அதற்கெல்லாம் எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. தொங்கவிட வேண்டிய சாமான்களில்தான் சிக்கல்.

பெரியப்பாவின் சுவர்க்கடிகாரம் அரிசி டின்மேல் உட்கார்ந்தது. அரிசி எடுக்கிறவர்கள் அதைத் தூக்கி, கைக்கு எட்டின இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் எங்கள் வீட்டில் யாரும் மணி என்ன என்று கேட்க மாட்டோம். மணி எங்கே என்றுதான் கேட்போம். “பாத்ரூம் பக்கம் கீது பாரு” என்று பதில் வரும்.

தினசரிக் காலண்டரைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டியிருந்தார். கதவை ஓங்கிச் சாத்தினால் ஒரு தேதி உதிரும். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பெரியம்மா பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குக் கோபம் வந்தால் கண்ணாடி லேசாகச் சாயும். அன்றைக்கெல்லாம் பெரியப்பாவின் மீசையும் சாய்ந்தே இருக்கும்.

எனக்கு மண்டை குடைந்தது. “ஏன் பெரியப்பா, ஒரு ஆணி அடிச்சா இன்னா?”

“செவுத்துக்குள்ள ஒயர் போவுதுடா” என்றார். அடுத்த தடவை கேட்டபோது, “இன்னிக்கு செவ்வாக்கிழமைடா.” அன்று வியாழன்.

அப்போதுதான் எதிர் வீட்டுக்காரர் அப்பாவிடம் வந்து குண்டைப் போட்டார். “இன்னா, உங்க அண்ணாத்தே திருநின்றவூர்ல வாடகைக்கு ஊடு பாத்துகினு இருக்காராமே?”

அப்பா அதை அப்படியே உள்ளே வந்து சொன்னார். அம்மா உடைந்தே போனாள். “நான் இன்னா கொறை வெச்சேன்? வாங்கன்னு கூப்ட்டது நான்தானே?” என்று புலம்பித் தீர்த்தாள். ஒன்றான குடும்பம் மறுபடி இரண்டாகிவிடும், பழி தன் தலையில் விழும் என்று அவளுக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கையில் அம்மிக் குழவி, மறுகையில் ஆணியோடு பெரியப்பாவின் அறைக்குள் நுழைந்தாள். நாங்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டோம்.

“மாமா, கடியாரத்த எங்க மாட்டணும்?”

“வோணாம்மா, செவுரு ஓட்டையாயிடும்.”

“ஆவட்டும்!”

ஒரே போடு. ஆணி வளைந்தது. சுவரிலிருந்து தோசை அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பெரியப்பா பதறிக்கொண்டு ஓடி, அதை எடுத்துச் சுவரில் திரும்ப ஒட்டப் பார்த்தார்.

“ஐயையோ, காலி பண்றப்ப வந்து பாப்பாங்களேம்மா!”

“யாரு மாமா வந்து பாப்பாங்க?”

பெரியப்பா காரைத் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “குவார்ட்டர்ஸ காலி பண்றப்ப ஆபீஸ்காரங்க டார்ச் அடிச்சுப் பாப்பாங்கம்மா, ஓட்டை இருந்தா பணம் புடிச்சுக்குவாங்க. அவங்க அடிச்ச ஆணில மாட்னதோட சரி, நானா ஒரு ஓட்டை போட்டதில்ல. இது தம்பி பாடுபட்டுக் கட்ன ஊடு. நாளைக்கு அவன் வாயால போன்னு சொல்ற நெலமை வரக்கூடாது பாரு, அதான் நானே முந்திகினு ஊடு பாத்தேன்.”

“இங்க யாரும் போன்னு சொல்ல மாட்டோம் மாமா. இந்த ஓட்டையப் போட்டவ நானு. நீங்க போடுங்க அடுத்தத” என்று குழவியை நீட்டினாள் அம்மா. நீட்டிவிட்டு அழுதாள். பெரியப்பாவும் அழுதார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. அம்பத்தூருக்குப் போய்ப் பை நிறைய ஆணி வாங்கி வந்தார். டார்ச்சுக்கு ஆணி, துடைப்பத்துக்கு ஆணி, அந்த ஆணிப் பையை மாட்டவே ஓர் ஆணி. அப்பா சுவரில் சாய்வதையே விட்டுவிட்டார்.

கடைசியாக வாசல் பக்கம் வரிசையாக, ஆளுக்கொன்றாக அடித்தார். குழந்தையின் குல்லாவுக்குக்கூட ஒன்று உண்டு. எல்லாம் முடிந்தும் ஒன்று அதிகமாக இருந்தது.

“இது யாருக்கு பெரியப்பா?”

“ஒம் பொண்டாட்டிக்குடா. வர்றவ பையி மாட்ட எடந்தேடிகினு நிக்கக்கூடாது பாரு.”

பாலிடெக்னிக்கில் அரியர் வைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

என் கல்யாணத்தின்போது பெரியப்பா உயிரோடு இல்லை. வந்த முதல் நாள், கைப்பையோடு வாசலில் தயங்கி நின்ற என் மனைவிக்கு அம்மா அந்த ஆணியைக் காட்டினாள். அவள் மாட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்கு மட்டும் பெரியப்பாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல் இருந்தது.