பொடிப்பனியில் பொடி வைத்தவள்

கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் என் மனைவி சத்சுகியிடம் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை அடிக்கடி சொல்லியிருக்கிறேன். எனக்குப் பனிச்சறுக்கு வரும் என்பதுதான் அது.

பழி முழுக்க என்மேல் இல்லை. நான் பிறந்த நீகாத்தாவில் பனி மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். சத்சுகி பிறந்தது தெற்கே ககோஷிமாவில். அங்கே வானத்திலிருந்து விழுவது எரிமலைச் சாம்பல்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, "நீகாத்தாவா? அப்போ நல்லா சறுக்குவீங்களே" என்று கண்ணை அகல விரித்துக் கேட்டாள். ஏழு வயதில் ஒரு தடவை உருண்டுபோய் வேலியில் மாட்டிக்கொண்டேன், அதற்குப் பிறகு சறுக்குப் பலகையைத் தொட்டதில்லை என்று அந்த நேரத்தில் எந்த ஆண்பிள்ளை சொல்வான்? "ஏதோ கொஞ்சம்" என்றேன். வருஷம் போகப்போக அந்தக் 'கொஞ்சம்' மாவட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு வரைக்கும் வளர்ந்துவிட்டது. முதல் பரிசு என்று சொல்லவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு.

நாங்கள் இருக்கும் ஃபுகுவோகாவில் சறுக்குகிற அளவுக்குப் பனி விழாது. என் பொய் சௌக்கியமாக இருந்தது. இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்சுகி கணப்பு மேஜைமேல் மூன்று விளம்பரத் தாள்களைப் பரப்பினாள்.

"என்னங்க, பிப்ரவரியில உங்களுக்கு லீவு இருக்குல்ல. ஹொக்கைடோ போலாம். பொடிப்பனியாம், மாவு மாதிரி இருக்குமாம். நீங்க சறுக்கி நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

என் வாயிலிருந்த ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றுவிட்டது.

"எந்த ஊருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் சாம்பல் ஊர்க்காரி, எனக்கென்ன தெரியும்?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஊரைத் தேர்ந்தெடுப்பது நான் என்றால், தப்பிக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பதும் நான்தானே.

முதல் தாள் ஷிராஒனே. படத்தில் ஒருவன் பாறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

"இது வேணாம்."

"ஏங்க, பனி பிரமாதம்னு போட்டிருக்கே."

"அதான் கூட்டம். லிஃப்டுக்கு ஒரு மணி நேரம் நிக்கணும். ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் சாப்பிட வீட்டை எழுதி வைக்கணும்."

"அப்போ ஓதாகே? கூட்டமே இல்லையாம். மரங்களுக்கு நடுவுல இடுப்பளவு பனியில இறங்கலாமாம்."

"நான் பாட்டுக்கு இறங்கிப் போயிடுவேன். நீ என்ன பண்ணுவ? உன்னைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் சந்தோஷமா இருக்கணுமா?"

"எனக்காகவா பாக்கறீங்க?"

"பின்ன யாருக்காக?"

மூன்றாவது நுகுமிசாவா. முன்பக்கத்தில் வெந்நீர் ஊற்றில் முட்டை வெந்துகொண்டிருந்தது. சறுக்குமேடு ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. எனக்கு ஏற்ற மலை.

"இது உங்க திறமைக்குக் காணாதே" என்றாள்.

"திறமை எங்க போயிடப் போகுது. உன் சௌகரியம்தான் முக்கியம். வெந்நீர் ஊற்று இருக்கு, நண்டு இருக்கு."

சத்சுகி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். "நீங்க சொன்னா சரிங்க."

நான் அதோடு விடவில்லை. மறுநாள் அலுவலகத்திலிருந்து நுகுமிசாவா விடுதி முதலாளி தொகாஷியைக் கூப்பிட்டேன்.

"உங்க சறுக்குமேடு எவ்வளவு பெருசு?"

"மேல நின்னு தும்ம ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள கீழ வந்துடலாம் சார்."

"அதுகூட எனக்கு வேணாம். நாங்க வந்ததும், பெரியவங்க சறுக்கற பகுதி மூடியிருக்குன்னு என் மனைவி காதுல விழற மாதிரி சொல்லணும்."

"சொல்லிடலாம். பேரு சார்?"

"இவாசே."

"ஓ, இவாசே சாரா" என்றார். அந்த 'ஓ' கொஞ்சம் நீளம்.

நாங்கள் போய் இறங்கியபோது கொட்டோ கொட்டென்று பனி. தொகாஷி இடுப்பு வரை குனிந்து, நான் சொன்னதைவிட உருக்கமாகவே சொன்னார். நான் மலையைப் பார்த்து, கூண்டுப்புலி மாதிரி ஒரு மூச்சு விட்டேன். சத்சுகி என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அன்று சாயங்காலம் தலையில் பனி விழ, கழுத்து வரை வெந்நீரில் கிடந்தேன். அப்புறம் நண்டு. என்னைப் போல ஊர் தேர்ந்தெடுக்க ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று தோன்றியது.

காலையில் கண்விழித்தால், சத்சுகி முழு உடுப்பில் நிற்கிறாள். நெற்றியில் கண்ணாடி, கையில் பூட்ஸ்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஓதாகேக்கு. பஸ்ல இருபது நிமிஷம்தான்."

"சறுக்கவா? நீயா?"

"மூணு வருஷமா புதன்கிழமைதோறும் பூ அடுக்கற கிளாஸ் போனேன்ல? அது உள்ளரங்கப் பனிச்சறுக்கு. வீட்டுல ஒரு பூவாவது பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. அவளுக்குப் பூ வரவில்லை போல என்று, மரியாதை கருதிக் கேட்காமல் இருந்தேன்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே கத்துக் கொடுத்திருப்பேனே" என்றேன். வாய்ப் பழக்கம்.

"என்னங்க."

"ம்."

"வேலியில மாட்டின கதைய உங்க அக்கா நம்ம கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாங்க."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அப்போ இத்தனை வருஷம் ஏன் கேட்டுட்டிருந்த?"

"நீங்க சொல்ற அழகுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் உசரமாகுமே."

பொடிப்பனியைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பதினாறு வருஷமாகப் பொடி வைத்துப் பேசியவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

"ஒம்பதரைக்குக் கீழ போங்க. மியாபேன்னு ஒரு டீச்சர் இருப்பாங்க. உங்களைச் சேத்து விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவர்கள் பகுதிதான் மூடியிருந்ததே. சிறுவர் பகுதியில் சேர்த்திருந்தாள். வகுப்பில் என்னோடு ஏழு பேர். மற்றவர்களில் உயரமானவள் என் இடுப்பு வாருக்கு வந்தாள். வகுப்புப் பிள்ளைகளுக்கான அடையாள உடுப்பு என் தலையைத் தாண்டி இறங்கவில்லை, அதனால் கையில் கட்டினார் மியாபே. முதல் நாள் நாற்பது தடவை விழுந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பனி வலிக்கவில்லை. மாவு மூட்டையில் விழுந்த மாதிரி மெத்தென்று வாங்கிக்கொண்டது. பதினோராவது தடவைக்கும் பன்னிரண்டாவது தடவைக்கும் நடுவில் எங்கேயோ, ஏழு வயதுப் பயம் என்னை விட்டுப் போய்விட்டது. அப்புறம் விழும்போதெல்லாம் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் உச்சியிலிருந்து விழாமல் இறங்கினேன். தும்மலைவிட நேரம் அதிகம்தான். கீழே சத்சுகி நின்றிருந்தாள், அன்றைக்கு ஓதாகேயிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். கையுறையோடு கை தட்டினாள், சத்தமே வரவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை மேலே போய் இறங்கினோம். பாதியில் நான் விழுந்தேன். அவளையும் இழுத்துக்கொண்டுதான் விழுந்தேன்.

மியாபே எல்லோருக்கும் முயல் படம் போட்ட சான்றிதழ் கொடுத்தார். திரும்பி வரும் விமானத்தில் அதை மடியில் வைத்து ரசித்துக்கொண்டே வந்தேன். பின்பக்கம் என் விண்ணப்பத்தைக் குத்தியிருந்தார்கள். 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்ற இடத்தில் சத்சுகியின் கையெழுத்து. பக்கத்தில் தேதி.

டிசம்பர் இருபது. நான் ஊரைத் தேர்ந்தெடுத்தது ஜனவரியில்.