நான் கழித்துக்கட்டிய கேலக்ஸிகள்

பயந்தவர்கள் கேள்வி கேட்பதில்லை. அதனாலேயே பெரிய தப்புகளை ரொம்ப ஒழுங்காகச் செய்து முடித்துவிடுகிறார்கள். நான் முடித்திருக்கிறேன். வானத்தின் ஒரு துண்டில் இருந்த கேலக்ஸிகளை எல்லாம் பழுது என்று கழித்துக்கட்டியவள் நான்.

அப்போது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். (படிப்புக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஓசூரில் யாரும் அதைக் கேட்பதில்லை.) பெல்ட்டில் வரும் இரும்பு வளையங்களைப் பார்க்க வேண்டும். வட்டம் சுத்தமாக இருந்தால் பச்சைத் தொட்டி. கோணலோ, ஓரத்தில் பிசிறோ இருந்தால் சிவப்புத் தொட்டி. சூப்பர்வைசர் குமரேசன் அண்ணனுக்கு ஒரே மந்திரம்தான்.

“டவுட்டா? யோசிக்காத, ரெட் பின்ல போடு. ஆனா டேக் கட்டாம போட்டுட்டு எங்கிட்ட வராத.”

கழித்த ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிச் சீட்டுக் கட்ட வேண்டும். எதையும் தூக்கி எறியக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம் சோதனை. கடைசி நாள் எல்லார் முன்னாலும் பேச வேண்டும், பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் ஏங்கிய வேலை அது. லீவு கேட்டதற்குக் குமரேசன் அண்ணன், “மூணு வாரம் உன் எடத்த வெச்சிருக்கேன். அதுக்கு மேல வேற ஆள் போட்டுருவாங்க” என்றார். அப்பா வேப்பனப்பள்ளி மாந்தோப்பிலிருந்து போன் செய்து, “இது ஆகலைன்னா வாய மூடிக்கிட்டு கம்பெனிக்கே போயிரணும், சொல்லிட்டேன்” என்றார்.

எனக்குக் கொடுத்தது அகச்சிவப்புக் கருவியால் எடுத்த வானப் படங்கள். தூசியைத் தாண்டி வரும் ஒளி என்பதால் மறைந்திருப்பதும் அதில் தெரியும். ஆயிரக்கணக்கான புள்ளிகள். அங்கே எனக்கு வேலை சொன்ன மேடம் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். எங்கோ கிளம்பும் அவசரத்தில் சொன்னார்:

“ஃபர்ஸ்ட் கெட்டதெல்லாம் எடுத்துடு. அப்புறம் ஸ்டார் தனி, கேலக்ஸி தனி பிரிச்சிடு. அஷ்டே, அவ்வளவுதான்.”

எது கெட்டது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘இதுகூடத் தெரியாதா’ என்று அனுப்பிவிட்டால்? கேட்கவில்லை. கெட்டதைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு இரண்டு வருட அனுபவம் இருக்கிறதே!

மூன்று வாரமும் ஓசூரிலிருந்து தினம் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் ஊர்ந்தது. நிலையத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். சுத்தமான வட்டமா, பச்சை. ஓரம் மங்கலா, சிவப்பு. ஒரு பக்கம் நீண்டிருக்கிறதா, அதுவும் சிவப்பு. கேலக்ஸி மட்டும் காலண்டர் படம் மாதிரி சுருள் சுருளாக, கலர் கலராக வரும் என்று காத்திருந்தேன். கடைசிப் புள்ளிவரை வரவில்லை.

கடைசி நாள் எட்டுப் பேர் முன்னால் நின்று, “இந்தப் பகுதியில் கேலக்ஸியே இல்லை” என்று பேச்சை முடித்தேன். யாரும் கைதட்டவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ஒந்தூ இல்வா? ஒண்ணுகூடவா இல்ல?”

“இல்ல மேடம். ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன்.”

அவர் எழுந்து பலகையில் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் விரலால் தேய்த்த மாதிரி ஒரு மங்கல் கறை போட்டார். “ஸ்டார் எவ்ளோ பெரிசானாலும் அவ்ளோ தூரத்துல புள்ளிதாம்மா. கேலக்ஸிதான் இப்படி மங்கலா, பரவி, சப்பையா தெரியும். இந்த மாதிரி எதுவுமே நீ பாக்கலியா?”

பார்த்தேனே! அத்தனையும் பார்த்தேனே! பெல்ட்டும் வளையங்களும் கண்முன்னால் வரிசையாக ஓடின. போச்சு, எல்லாம் போச்சு. திங்கட்கிழமை மறுபடி கம்பெனி, பச்சை, சிவப்பு.

“அதெல்லாம் பழுதுன்னு... கழிச்சிட்டேன் மேடம்.”

பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். மேடம் குரல் ஏறியது. “டிலீட் பண்ணிட்டியா?”

“ஐயோ, இல்ல மேடம்! ரெட் பின்ல இருக்கு. டேக் போட்டு வெச்சிருக்கேன்.”

திறக்கச் சொன்னார். ‘சிவப்புத் தொட்டி’ என்றே அந்தக் கோப்புக்குப் பெயர் வைத்திருந்தேன். பெரிய திரையில் என் காரணங்கள் வரிசையாக இறங்கின: ஓரம் மங்கல். வட்டம் இல்லை. வீக்கம். சப்பை. இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேடம் படங்களோடு ஒத்துப் பார்க்கப் பார்க்க எனக்குக் காது கொதித்தது. ஒட்டிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்த இரண்டு நட்சத்திரங்கள். அவை போக மிச்சமெல்லாம் அநேகமாகக் கேலக்ஸி.

“பிரிச்சது சரி. பேருதான் தப்பு” என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், “அடுத்த தடவ கேளும்மா. கேட்டா கடிச்சிடுவேனா?” என்றார். எட்டுப் பேர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன். வேலை கிடைத்தது.

கதையைச் சொன்னதும் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதோடு விட்டாளா? அடுத்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அக்கா போனில் அனுப்பிய படங்களில் ஒன்றை நான் வேண்டாம் என்று சொன்னதுதான் தாமதம், “இவ கழிச்சதுலதான் சரக்கு இருக்கும். அந்தப் பையன இன்னொரு தரம் விசாரிங்க” என்று அப்பாவைக் கிளப்பிவிட்டாள். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும், “நான் ரெட் பின்லருந்து வந்தவன்ங்க” என்றுதான் என் கணவர் ஆரம்பிக்கிறார். நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்கென்றே, தன் படத்துக்குக் கீழே நான் எழுதிய பதிலை அக்காவிடமிருந்து வாங்கிப் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார்: “மங்கலா இருக்கார். வேண்டாம்.”