யல்லா ஊருக்கு: நான் கண்டுபிடித்த விளையாட்டு

தன்னை நகைச்சுவையானவன் என்று நம்பிக்கொண்டிருக்கும் மேலதிகாரியைவிட ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. அவன் எதைச் சொன்னாலும் சிரிக்க நாலு பேர் இருப்பார்கள். சிரிக்காவிட்டால் ஓவர்டைம் ஷீட்டில் கையெழுத்து யார் போடுவது? பல வருடங்கள் நான் அந்தப் பிராணியாக வாழ்ந்தவன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

துபாயில், ஜெபல் அலி துறைமுகத்துப் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். (ஊரில் விசாரித்தால் மேனேஜர் என்பார்கள். நான் திருத்தியதில்லை.) கன்டெய்னரிலிருந்து சாமான் இறக்கும் இருபது பேரின் டியூட்டியும் லீவும் என் கையில். அந்த வருடம் கம்பெனியில் குடும்ப தினம் வைத்தார்கள். ஒவ்வொரு பிரிவும் ஏதாவது செய்ய வேண்டுமாம். மற்றவர்கள் பாட்டு, பிரியாணி என்று புத்தியோடு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் எங்கள் வேர்ஹவுஸையே ஒரு போர்டு கேமாக ஆக்கக் கிளம்பினேன்.

பேர், ‘யல்லா ஊருக்கு’. (யல்லா என்றால் அரபியில் ‘கிளம்பு’.) முதல் கட்டம் லோடிங் பே, அறுபதாவது கட்டம் ஏர்போர்ட். பகடையை உருட்டி முதலில் ஏர்போர்ட் சேருகிறவருக்கு லீவு. நடுவே கார்டு எடுக்க வேண்டும். ‘கஸ்டம்ஸ் பேப்பர் மாஃபி: நாலு கட்டம் பின்னால் போ.’ (மாஃபி என்றால் ‘இல்லை’.) ‘ஃபோர்க்லிஃப்டில் சார்ஜ் இல்லை: ஒரு ஆட்டம் சும்மா இரு.’ எழுத எழுத எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. கடைசியாக, மொத்தத்துக்கும் மகுடமாக ஒன்று எழுதினேன்: ‘மூன்றாவது முறையாக அம்மாவுக்கு உடம்பு சரியில்லை: முதல் கட்டத்துக்கே போ!’

கார்டு வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி சுதா கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

“இது வேணாங்க. யாருக்காவது சுருக்குனு பட்டுடும்.”

“உனக்குத் தெரியாது. லீவு வேணும்னா இங்க எவனும் முதல்ல அம்மாவைத்தான் படுக்க வைப்பான். இதைக் கேட்டுச் சிரிக்காதவன் கல்ஃப்லயே கிடையாது.”

விழா அன்று ஞாயிற்றுக்கிழமை. என் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். எங்கள் மேனேஜர் மும்பைக்காரர். அவரே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். (என் தலை அப்போதே கூரையில் இடித்தது.) ஆட உட்கார்ந்த நாலு பேரில் ஒருவன் செல்வம், அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். ஆறு வருடமாக என் ஷிஃப்டில் லோடர். ஐம்பத்து நாலாவது கட்டம் வரை வந்துவிட்டான். “யல்லா செல்வம், யல்லா!” என்று பசங்கள் மேஜையைத் தட்டினார்கள். அப்போதுதான் அந்தக் கார்டு அவன் கைக்குப் போனது.

எடுத்தவர் உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதிய மேதை நான்தான்.

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். “மூன்றாவது முறையாக அம்மாவுக்கு...” என்ற இடத்தில் குரல் இறங்கியது. இருந்தாலும் விடாமல் கடைசி வரை படித்தான். எங்கள் ஷிஃப்ட் ஆட்கள் ஒருவருமே சிரிக்கவில்லை. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது.

“க்யா லிக்கா ஹை? போலோ பாய், போலோ!” என்று, எழுதியிருப்பதைச் சொல்லச் சொல்லி என் தோளில் தட்டினார்.

நான் மொழிபெயர்த்தேன். ஆமாம், அதையும் செய்தேன். “தீஸ்ரி பார்!” (மூன்றாவது தடவை!) என்று மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஹாலில் அப்போது கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

செல்வம் தன் காயை எடுத்து, கட்டம் கட்டமாக எண்ணாமல், நேராக முதல் கட்டத்தில் வைத்தான்.

“மூணு தடவை எழுதிக் குடுத்தது நான்தான் சார். ஆனா அம்மா ஒரு தடவைதான் சார் விழுந்துச்சு.”

மறுநாள் காலை முதல் வேலையாக என் மேஜை டிரேயைக் கிளறி, செல்வத்தின் மனுக்களை எடுத்தேன். ‘அம்மா’ என்ற சொல்லைத் தாண்டி அவற்றை நான் படித்ததே இல்லை. முதல் மனு: அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இரண்டாவது: ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது: மகன் வராமல் ஆபரேஷன் வேண்டாம் என்று அம்மா பிடிவாதம் பிடிப்பதால் தேதி தள்ளிப்போயிருக்கிறது. அவன் ஒரே பிள்ளை. முதல் இரண்டிலும் ‘பீக் சீசன், பிறகு பார்க்கலாம்’ என்று என் கையெழுத்து. மூன்றாவது மனு வந்ததே நான் முதல் இரண்டைத் தள்ளியதால்தான். அதைத்தான் நான் ஜோக்காக எழுதி, அவன் வாயாலேயே படிக்க வைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார எனக்குக் கூசியது.

செல்வத்துக்கு உடனே லீவு கேட்டு மேனேஜரிடம் ஓடினேன். “அவன் இடத்துக்கு ஆள் யார் தருவா?” என்று இந்தியில் கேட்டார். “நான் இறக்குறேன் சார்” என்று வாய் சொல்லிவிட்டது. செல்வம் அன்று மாலையே விமானம் ஏறினான். இருபது நாள் நான் அட்டைப் பெட்டி சுமந்தேன். மூன்றாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது. பசங்கள் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. கனமான பெட்டிகளை என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து செல்வம் திரும்பி வந்தான். ஒரு டப்பா முறுக்கை நீட்டினான்.

“அம்மா குடுத்துச்சு சார்.”

“செல்வம், அன்னைக்கு அந்தக் கார்டு... நான் பண்ணினது ரொம்பத் தப்புப்பா.”

“பரவால்ல சார். வீட்ல அதெல்லாம் சொல்லல. நல்ல சாரு ஒருத்தர்தான் லீவு குடுத்து அனுப்புனாருனு சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அம்மா உக்காந்தபடியே முறுக்கு சுட்டுக் குடுத்துச்சு.”

முறுக்கை வீட்டுக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சுதாவிடம் சொன்னேன். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள், அதுதான் வினை. அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் மாறிவிட்டது. பீச்சுக்குக் கூட்டிப்போக மறுத்தால், தோசைக்குக் குறை சொன்னால், ரிமோட்டைத் தராவிட்டால் அம்மாவும் பெண்ணும் ஒரே குரலில் கேட்கிறார்கள்:

“என்ன, நல்ல சார்?”

ஒவ்வொரு லீவு முடிந்தும் செல்வம் வருகிறான். முறுக்கு டப்பாவும் வருகிறது. அந்த அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.