பார்சல் அண்ணையோடு ஷாங்காய் பார்த்த கதை

உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகலாம்; பார்சல் அண்ணையோடு மட்டும் போகக்கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் தெருக்காரர், யாழ்ப்பாணத்து மனிதர். யார் எதைக் கொடுத்தனுப்பினாலும் மறுக்கமாட்டார். ஒருமுறை ஊராரின் பால்மா டின்களுக்குப் பெட்டியில் இடம்விட்டு, இரண்டே சட்டையோடு கொழும்பில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். கேட்டால், "சட்டை அங்கையும் விக்கிறாங்கள்தானே" என்றார். வாங்கினாரா என்றால் அதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், மனுரேவாவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலை, ஒரு இயந்திரத்தைப் பார்த்துவர எங்களை ஷாங்காய்க்கு அனுப்பியது. அண்ணை அன்றே தெருவெல்லாம் போய், ஷாங்காய்க்கு ஏதாவது கொடுத்தனுப்ப இருக்கிறதா என்று விசாரித்துவிட்டார். தெருமுனையில் டெய்ரி என்கிற சின்ன மளிகைக்கடை வைத்திருந்த சீனர் அகப்பட்டார். அங்கே இருக்கும் தன் அம்மாவுக்கு ஒரு ஜோடி ஆட்டுத்தோல் செருப்பும், சீன எழுத்தில் முகவரியும் கொடுத்து, போனதும் தபாலில் போட்டால் போதும் என்றார்.

வேலை முடிந்து ஒரே ஒரு நாள் மிச்சம். வேனும் வழிகாட்டிப் பெண்ணும் வந்தார்கள். காலையில் பழைய தோட்டம், பிறகு ஆற்றுக்கு அக்கரையில் புதிதாய் எழும்பியிருந்த கோபுரம். உச்சியிலிருந்து படம் எடுத்துவர என் மனைவி புதுக் கேமரா வாங்கித் தந்திருந்தாள். எனக்கு அந்தக் கோபுரம்தான் ஷாங்காய்.

தோட்டத்துப் பாலத்தின் வயதை அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது, அண்ணை முகவரியை நீட்டினார். அந்தத் தெருவையே இடித்துக்கொண்டிருக்கிறார்கள், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்றாள்.

"அப்ப கெதியாப் போவம்" என்று அவசரப்படுத்தினார் அண்ணை.

போனோம். செங்கல் குவியலுக்கு நடுவே ஒரு நாவிதர் மட்டும் நாற்காலி போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மா குடிபோன இடம் நாவிதருக்குத் தெரியவில்லை. சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது. பாதி முகம் சோப்போடு அவரே வேனில் ஏறிக்கொண்டார்.

புத்தம்புதுக் கட்டிடம். பதினான்காவது மாடி. லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. ஒன்பதாவது மாடி ஜன்னலில் என் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"தபால்ல போட்டா போதும்னுதானே அண்ணே அவர் சொன்னாரு? கோபுரத்தை மூடிருவாங்க."

"தபால்காரன் அந்தத் தாயின்ர முகத்தைப் பாத்துவந்து சொல்லுவானோ தம்பி?" என்று மூச்சு வாங்கியபடி ஏறினார்.

அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நான்கு எட்டு நடந்தார், திரும்பி நடந்தார். பிறகு வழிகாட்டிப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். மகன் மெலிந்துவிட்டானா என்று கேட்கிறாராம்.

"இல்லை, நல்லாக் கொழுத்திட்டார் எண்டு சொல்லு பிள்ளை" என்று அண்ணை தமிழிலேயே சொல்லிவிட்டு, கைகளை அகட்டிக் காட்டினார். டெய்ரிக்காரர் ஒரு குச்சி. அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கோபுரத்தை மூடிவிட்டார்கள். விமானத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

ஆக்லாந்து வந்ததும் அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு டெய்ரிக்குப் போனார். பால் அலமாரிக்கும் ரொட்டித் தட்டுக்கும் நடுவே, அந்த அம்மா நடந்த மாதிரியே நான்கு எட்டு நடந்து, திரும்பி நடந்து காட்டினார். டெய்ரிக்காரர் இன்னொரு முறை நடக்கச் சொல்லிக் கை காட்டினார். அண்ணை நடந்தார்.

அதற்குப் பிறகு ஊரிலிருக்கும் என் வீட்டாருக்கு எதையாவது கொடுத்தனுப்ப வேண்டுமென்றால், தபாலில் போடாமல், அண்ணை அந்தப் பக்கம் போகிற நாள்வரைக்கும் காத்திருப்பேன்.