காலாவதி வரிசை

விடுமுறை நாள் சமையலறைச் சீர்திருத்தவாதி என்று ஓர் இனம் உண்டு. வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் நுழைவார். ஏழாம் நாள் காலையில் பனியனோடு வந்து, வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார். "இது சமையலறையா?" என்பார். அவ்வளவுதான், அந்த வீட்டில் அன்று மதியச் சாப்பாடு கிடையாது.

ஒரு டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதெல்லாம் சாமானியர்கள் வேலை. இவருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தாக வேண்டும். தட்டுகள் சோபாவில், கரண்டிகள் டிவிக்கு முன்னால், மாவு டப்பாக்கள் மகளின் படிப்பு மேசையில், மூடியில்லாத பாத்திரங்கள் ஒரு மூலையிலும் பாத்திரமில்லாத மூடிகள் எதிர் மூலையிலுமாக வீடு நிறைந்த பிறகுதான் கையில் துணியை எடுப்பார்.

நம்மவர் ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். எது முதலில் காலாவதியாகிறதோ அது முன்னால் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதியால் ஒரு மாத்திரை அட்டைகூட வீணாகாமல் காப்பாற்றியவர். கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது? சுத்தம் செய்வதிலும் குறை சொல்ல முடியாது. சோடா உப்பும் வெந்நீரும் கலந்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியெடுத்ததில், புகை போகும் மின்விசிறியின் இறக்கை வெள்ளை நிறம் என்பது அன்றைக்குத்தான் குடும்பத்துக்குத் தெரிந்தது. அதுவரை பழுப்பு என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

நடுவில் மனைவியோடு ஒரே ஒரு தகராறு. காலியான ஐஸ்கிரீம் டப்பாக்களை அவர் குப்பைக்கூடைப் பக்கம் நகர்த்தினார்.

"அது வேணுங்க."

"எதுக்கு?"

"எதுக்காவது வேணும்."

டப்பாக்கள் தப்பின. மற்றதெல்லாம் கிடங்கு விதிப்படி அலமாரியில் ஏறியது. அடுத்த வாரம் காலாவதியாகப் போகிற, வீட்டில் ஒருவர்கூடத் தொடாத சாஸ் பாட்டிலுக்கு அடுப்பருகே ராஜ மரியாதை. அதற்குப் பின்னால் ஜாம். டீத்தூளுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் ஆயுள் இருந்ததால் கடைசி வரிசை. உப்பு?

"அப்பா, உப்பு கெட்டே போகாதேப்பா" என்றாள் மகள்.

"அதாம்மா, அதுக்கு அவசரமே இல்ல. பரண்ல வச்சாச்சு."

மனைவி வந்து பார்த்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் இருப்பவள் அவள். காலையில் ஆஸ்பத்திரியைத் திறக்கும் சாவியும் அவளிடம்தான். அந்தப் பக்கம் போகிற ஒரே வேன் ஏழரைக்குத் தெருமுனைக்கு வரும், யாருக்காகவும் நிற்காது. அதற்குள் மூன்று பேருக்கும் சமைத்துக் கட்டிவைக்க, கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் எல்லாம் கையில் வந்து சேரும்படி வைத்திருந்த சமையலறை அது. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இந்த இனத்தார் மௌனத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்கள். நம்மவரும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை படுக்கைக்குக் குரல் வந்தது.

"என்னங்க, உப்பு?"

"பரண்ல. இடது பக்கம், தேனுக்குப் பின்னாடி."

"ஸ்டூல் எங்க?"

"பால்கனில."

"டீத்தூள்?"

"அது அடுத்த வருஷக் கடைசில பாரு."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்ல எத்தனை பேரால் முடியும் என்று நினைத்து மகிழ்ந்தார். அடுத்த வருஷக் கடைசியை அவள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வேன் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் பூட்டிய கதவுக்கு முன்னால் பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். அவர்களோடு டாக்டரும் நின்றார்.

அன்று மாலை அவள் கத்தவில்லை, அழவில்லை.

"அடுக்கினது அழகாத்தான் இருக்குங்க. எனக்குத்தான் அந்த வரிசை மனசுல ஏற மாட்டேங்குது. இன்னொரு நாள் வேனை விட்டா டாக்டர் வேற ஆளப் பாத்துக்குவேன்னுட்டார். அதனால நாளைலேர்ந்து காலை சமையல் உங்க பொறுப்பு. எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

பாவம், நம்மவர். அடுக்கினது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். ஆனால் தன் வரிசையைத் தானே குறைசொன்ன மேற்பார்வையாளர் உலகத்தில் உண்டா? இருட்டோடு எழுந்தார். பரணுக்கு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மனைவி நிதானமாகத் தலைவாரி, உட்கார்ந்து டீ குடித்து, வேன் வருவதற்கு முன்பே தெருமுனைக்குப் போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இப்படிக் காலைகள் வாய்த்ததில்லை.

ஒரு மாதம் தாங்கினார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே மெல்லப் பேச்சை எடுத்தார்.

"எல்லாத்தையும் பழையபடியே வச்சிடலாமா?"

அவள் பதறிப்போனாள். "வேணாங்க. எவ்வளவு கஷ்டப்பட்டு அடுக்கினீங்க. அதைக் கலைக்க எனக்கு மனசு வரல."

வாசகரே, இதைப் படிக்கும்போதே உங்கள் கண் ஒரு தடவை சமையலறை அலமாரிப் பக்கம் போய்வந்ததா? வருகிற விடுமுறையில் ஒரு கை பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறதா? தாராளமாகப் பாருங்கள். மனைவி குறுக்கே வந்து, அதைத் தொடாதே இதை எடுக்காதே என்று சண்டை போட்டால் கவலையே இல்லை. ஆனால் ஒரு வார்த்தையும் பேசாமல், அவரே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, நீங்கள் ஏறும்வரை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? மரியாதையாகக் கீழே இறங்கிவிடுங்கள். இந்தக் கதையை உங்களுக்கு முன்பே அவர் படித்துவிட்டார்.