கிருஷ்ணப்பா சாகக் கூடாது

செவ்வாய்க்கிழமை எனக்கு வார லீவு. அன்னிக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பாகலூர் பக்கம் போயி ஒரு ரோஜாத் தோட்டத்த கண்ணால பாத்துட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பணும்.

அவ்வளவுதான். இதுல என்ன தப்பாப் போயிடும்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

தோட்டம் எதுக்குன்னா, நான் ஒரு எழுத்தாளன். அதாவது, ஆகப் போறவன். ஏழு வருஷமா ஆகப் போறவன். பொழப்புக்கு ஓசூர்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஷிப்ட்ல மத்தவங்க செஞ்சத நான் ரிஜெக்ட் பண்ணுவேன். வீட்டுக்கு வந்தா நான் எழுதினத பத்திரிகைக்காரங்க ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க. கணக்கு சரியாப் போயிடும்.

ஆனா போன வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து ஆசிரியரே போன் பண்ணினாரு.

"ஜாஃபர்தானே? உங்க ரோஜா விவசாயி கதை படிச்சேன். முடிவு நல்லா இருக்கு. அவன் நிலத்த இழந்து செத்துப் போறான் பாருங்க, அதுல கை வைக்காதீங்க."

எனக்கு காது ரெண்டும் சூடாயிடுச்சு. "ரொம்ப சந்தோஷங்க" அப்படின்னேன்.

"இருங்க. அவன் விவசாயி மாதிரியே இல்ல. நீங்க ரோஜாத் தோட்டம் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேங்க."

"எங்க?"

"பஸ்ல போறப்ப."

"நேர்ல போய்ப் பாத்துட்டு, திருத்தி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. போடறேன்" அப்படின்னாரு.

போடறேன்னு ஒரு பத்திரிகை ஆசிரியர் வாயால சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவ.

அதனால செவ்வாய்க்கிழமை காலையில குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, பேண்ட்டுக்குள்ள இன் பண்ணிக்கிட்டேன். குறிப்பெடுக்க எங்க கம்பெனி கிளிப் பேடு. பேனா கயித்துல தொங்கும். பையில அளவு டேப்பும் இருந்துச்சு. என் மனைவி நஸ்ரின் வாசல்ல நின்னு மேலயும் கீழயும் பாத்தா.

"ஏங்க, கதை எழுதத்தானே போறீங்க? கரண்ட் பில்லு கட்டாதவங்க ஃபியூஸ பிடுங்கப் போற மாதிரி இருக்கீங்க."

எழுத்தாளனோட மனைவிக்கு இலக்கியம் புரியாதுன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு மத்திகிரியில டவுன் பஸ் ஏறினேன். ஓசூர்ல இறங்கி, இன்னொரு பஸ் மாறி, பாகலூருக்கு முன்னாடியே ஒரு மண் ரோட்டுல இறங்கிட்டேன். அந்த ரோட்டோட கடைசியில பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு பாலிஹவுஸ். பக்கத்துல கிணறு, ஒரு ஓட்டு வீடு, கட்டிப் போட்ட ஒரு நாய்.

என் கதையில ஹீரோ வேலியிலிருந்து கிணத்துக்கு நடந்து போறப்ப தன் வாழ்க்கையையே நினைச்சுப் பாப்பான். அதுக்கு எத்தன அடி நடக்கணும்னு எனக்குத் தெரியணும். அதனால வேலி ஓரமாவே காலடி வச்சு எண்ணினேன். எண்ணி எழுதினேன். ஒரு இடத்துல சந்தேகம் வந்துச்சு. டேப்ப எடுத்து நீட்டிப் பிடிச்சேன்.

வீட்டு வாசல்ல ஒரு அம்மா முறம் வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் மரியாதையா சிரிச்சேன். அவங்க சிரிக்கல. போன எடுத்து தெலுங்குல யாருக்கோ நாலு வார்த்தை பேசினாங்க. அதுல "டேப்பு"ங்கிற வார்த்தை மட்டும் எனக்குப் புரிஞ்சுது.

பத்து நிமிஷத்துல ரெண்டு வண்டி வந்து நின்னுச்சு. ஒண்ணுல ஐம்பது வயசு இருக்கற ஒருத்தர், மண்ணு ஒட்டின கால், தலையில துண்டு. அவர்தான் தோட்டக்காரர். இன்னொண்ணுல அவரோட மச்சான் வெங்கடேஷ். அந்த அம்மாவோட தம்பி. வண்டிய சரியா எனக்கும் ரோட்டுக்கும் நடுவுல நிறுத்தினான்.

"யாரு சார் நீங்க? எந்த ஆபீசு?" தோட்டக்காரர் கேட்டாரு.

"ஆபீஸ் எல்லாம் இல்லைங்க. நான் எழுத்தாளர்."

அவரு மச்சான பாத்தாரு. மச்சான் அக்காவ பாத்தான்.

"பத்திரம் எழுதறவரா?"

"பத்திரம் இல்லைங்க. கதை."

"கதை எல்லாம் வேண்டாம் சார்" அப்படின்னான் வெங்கடேஷ். "யாரு அளந்துட்டு வரச் சொன்னாங்க, அத சொல்லுங்க."

"யாரும் சொல்லலைங்க. உண்மையாவே நான் கதை எழுதறேன்."

"அதான் அரை மணி நேரமா வேலியோரம் எழுதிக்கிட்டு இருக்கீங்களே. குடுங்க அந்த அட்டைய."

குடுத்தேன். குடுக்காம என்ன பண்றது. அவன் வண்டியில சாஞ்சுக்கிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சான்.

"வேலி டு கிணறு, எண்பத்தி நாலு அடி. வீடு ஓடு, பழசு. நாய் ஒண்ணு, கட்டியிருக்கு. காலையில ஆள் நடமாட்டம் கம்மி."

நான் எழுதினப்ப அதுல ஒரு கவித்துவம் இருந்த மாதிரி தெரிஞ்சுது. அவன் படிச்சப்ப எனக்கே என்னைய பிடிச்சுக் குடுத்துடலாம்னு தோணுச்சு.

"இது நிலம் எடுக்கிற ஆள் இல்ல மாமா. திருடன்" அப்படின்னான்.

"திருடன் டேப்பு கொண்டு வருவானா?" அப்படின்னாங்க அந்த அம்மா. பேரு லட்சுமம்மா. அவங்க எனக்குப் பரிஞ்சு பேசறாங்கன்னு நினைச்சு நன்றியோட திரும்பினேன். அவங்க என் மூஞ்சிய நேரா பாத்துச் சொன்னாங்க. "சார், இந்தப் பக்கம் நோட்டோட வந்தவங்க எல்லாம் எதையாவது எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்காங்க. அந்தக் கம்பெனி மதில் தெரியுது பாருங்க, அது வரைக்கும் எங்க பெரியப்பா நிலம்."

அதோட போயிருக்கும். ஆனா வெங்கடேஷ் அடுத்த பக்கத்த திருப்பிட்டான். அதுலதான் என் கதைச் சுருக்கம் இருந்துச்சு.

"கிருஷ்ணப்பா தோட்டம் கம்பெனிக்குப் போகுது. தம்பி ஏமாத்தறான். கடைசியில கிருஷ்ணப்பா..."

நிறுத்திட்டான். தோட்டக்காரர மெதுவா நிமிந்து பாத்தான்.

"மாமா, உங்க பேரு இருக்குது."

ஆமாங்க. அவரு பேரு கிருஷ்ணப்பா. ஊரு மண்ணோட ஒட்டணும்னு யோசிச்சு யோசிச்சு நான் வச்ச பேரு. இங்க ஒரு தெருவுக்கு நாலு கிருஷ்ணப்பா இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

"கடைசியில?" அப்படின்னாரு கிருஷ்ணப்பா.

வெங்கடேஷ் திரும்பவும் அட்டைய பாத்தான்.

"கடைசியில சாகறான்னு போட்டிருக்குது மாமா."

கிருஷ்ணப்பா தலையிலிருந்த துண்ட எடுத்து தோள்ல போட்டாரு. என்கிட்ட ரொம்ப அமைதியா கேட்டாரு. "எப்ப சார்?"

"ஐயோ, அது நீங்க இல்லைங்க. கற்பனைங்க. நம்பலைன்னா எங்க வீட்டுக்கு போன் போட்டுக் கேளுங்க."

லட்சுமம்மாதான் போன வாங்கினாங்க. ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"அம்மா, இங்க ஒருத்தர் இருக்காரு. ஜாஃபர்னு சொல்றாரு. எழுத்தாளராம். ஆமாவா?"

நஸ்ரின் கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னா. "அப்படித்தான் அவரு சொல்லிக்கிறாரு."

"புக்கு ஏதாச்சும் போட்டிருக்காரா?"

"இல்லைங்கக்கா."

"பத்திரிகையில பேரு வந்திருக்குதா?"

"ஒரே ஒரு தடவ. வாசகர் கடிதம்."

"அப்புறம் என்னாத்துக்கு எழுதறாரு?"

"அத நான் ஏழு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். உங்ககிட்ட சொன்னாருன்னா எனக்கும் சொல்லுங்க."

லட்சுமம்மா போன என்கிட்ட திருப்பிக் குடுத்தாங்க. "விடுடா வெங்கடேஷ். இது பொண்டாட்டிதான். சந்தேகமே இல்ல."

என் எழுத்து வாழ்க்கைக்கு இதுவரைக்கும் கிடைச்ச ஒரே சான்றிதழ் அது.

அதோட என்னைய விட்டிருக்கலாம். விடல. கயித்துக் கட்டில்ல உக்கார வச்சு, களியும் கீரைச் சாறும் குடுத்து, "அந்தக் கதைய முழுசா படிங்க பாய்" அப்படின்னாரு கிருஷ்ணப்பா. தான் எப்படி சாகறோம்னு தெரிஞ்சுக்கற ஆர்வம் அவருக்கு.

போன்ல இருந்த கதைய எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன். "மாலைப் பொழுதில், மலர்ந்து சிரித்த ரோஜாக்களை கிருஷ்ணப்பா ஒவ்வொன்றாகப் பறித்தான்."

"நிறுத்துங்க" அப்படின்னாங்க லட்சுமம்மா. "எங்க வீட்டுல காலையில ஆறு மணிக்கே பறிச்சு முடிச்சிடுவோம். அப்புறம், மலர்ந்த பூவ வச்சு என்ன பண்றது? மொட்டா இருக்கறப்பவே, விரியாம இருக்க ஒவ்வொண்ணுக்கும் வலைத் தொப்பி மாட்டிடுவோம். மலர்ந்து சிரிச்சதெல்லாம் குப்பையிலதான் கிடக்கும். போய்ப் பாருங்க."

எழுதிக்கிட்டேன். அடுத்த வரி படிச்சேன். "தோட்டமெங்கும் நறுமணம் வீசியது."

வெங்கடேஷ் சிரிச்சுட்டான். "இந்த ரோஜாவுக்கு ஏது வாசம்? மருந்து வாசம்தான் வரும். உள்ள வாங்க, மோந்து பாருங்க."

உள்ள போயி மோந்து பாத்தேன். மூணு தும்மல். அதையும் எழுதிக்கிட்டேன்.

இப்படியே மருந்து, சொட்டு நீர், கிளைய வெட்டி விடற கவாத்து, பூ கட்டறதுன்னு ரெண்டு மணி நேரம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். இத்தன விஷயம் எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும். கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கிருஷ்ணப்பா வெறுமையான நிலத்துல விழுந்து சாகற இடம். கொரல கொஞ்சம் எறக்கி, உணர்ச்சியா படிச்சேன்.

படிச்சு முடிச்சு நிமிந்தா, லட்சுமம்மா கண்ணுல தண்ணி. வெங்கடேஷ் தரையப் பாத்துக்கிட்டிருக்கான். ஒரு எழுத்தாளனுக்கு இத விட என்ன வேணும்.

லட்சுமம்மா முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. "நல்லா இருக்குது. ஆனா சாகக் கூடாது. மாத்திடுங்க."

"அம்மா, அந்த முடிவுதாங்க கதையோட உயிரே."

"உங்க கதைக்கு உயிரு வேணும்னு எங்க வீட்டுக்காரர சாவடிப்பீங்களா?"

இதுக்கு எந்த விமரிசகரும் பதில் சொல்லிட முடியாது.

"சரி, பேர மாத்திடறேன். முனியப்பா?"

"அது எங்க சின்ன மாமனாரு" அப்படின்னான் வெங்கடேஷ்.

"நாராயணப்பா?"

"அடுத்த தோட்டம். போன மாசந்தான் ஆபரேஷன் பண்ணியிருக்குது. வேண்டாம்."

"ராமய்யா?"

"அவரு சாகலாம்" அப்படின்னான் வெங்கடேஷ். லட்சுமம்மா அவன் தலையில ஒரு தட்டு தட்டினாங்க.

அதுக்குள்ள கிருஷ்ணப்பா குறுக்க வந்துட்டாரு. "பேரு எம் பேரே இருக்கட்டும் பாய். பத்திரிகையில வரும்ல? சாகறது மட்டும் வேண்டாம். நெலமும் போக வேண்டாம். அப்புறம் அந்தத் தம்பிய நல்லவனா மாத்துங்க. எங்க வீட்டுல எல்லாருமே நல்லவங்க."

லட்சுமம்மா என் கையில பேனாவக் குடுத்து, அட்டையில இருந்த கதைச் சுருக்கத்த கண்ணு முன்னாடியே அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். சாவ அடிச்சேன், தம்பியோட துரோகத்த அடிச்சேன், கம்பெனிய அடிச்சேன். கிணத்துல தண்ணி குறையாம இருக்குதுன்னு ஒரு வரி புதுசா சேத்தாங்க. கிளம்பறப்ப ஒரு கட்டு ரோஜாவும் குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து மூணு நாள் அதோட மல்லுக்கட்டினேன். பழைய முடிவ திருப்பிப் போட்டுடலாம்னு எத்தனையோ தடவ கை போச்சு. ஒவ்வொரு தடவையும் "எப்ப சார்?"னு கிருஷ்ணப்பா கேட்டது காதுல விழுந்துச்சு. அந்த மனுஷன் நிஜமாவே பயந்துட்டுத்தான் கேட்டாரு. நான் ஒருத்தன் டேப்பு பிடிச்சதே போதும், கதையிலயும் அந்த நிலத்த யாரும் எடுக்க வேண்டாம்னு அவர உயிரோடவே விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை அனுப்பிட்டேன்.

திங்கக்கிழமை ஆசிரியர் போன் பண்ணினாரு.

"ஜாஃபர், தகவல் எல்லாம் பிரமாதம். தொப்பி மாட்டறது, மருந்து, பறிக்கிற நேரம், எல்லாமே நல்லா இருக்கு. கதையத்தான் காணோம்."

"முடிவ கொஞ்சம் மாத்தினேங்க."

"முடிவ மட்டுமா? அதுல ஒருத்தனுக்கும் ஒரு கஷ்டமும் வரலையே. பரவாயில்ல, வீணாக்க வேண்டாம். எங்க விவசாயப் பக்கத்துல போட்டுடறேன்."

போட்டாங்க. அரைப் பக்கம், கலர்ல. "ரோஜா சாகுபடி: அனுபவ யோசனைகள்." திருத்தினப்ப கதை முழுக்க கிருஷ்ணப்பாவே பேசற மாதிரி நான் மாத்தி எழுதியிருந்ததால, அடியில கட்டுரையாளர் பேர போட்டிருந்தாங்க: கிருஷ்ணப்பா, பாகலூர்.

நஸ்ரின் ரெண்டு தடவ படிச்சா. "இதுவரைக்கும் நீங்க எழுதினதுலயே இதுதாங்க நல்லா புரியுது" அப்படின்னா.

அன்னிக்கு சாயந்திரமே கிருஷ்ணப்பா போன் பண்ணினாரு. குரல்ல ஒரு கம்பீரம் வந்திருந்துச்சு.

"பாய், பத்திரிகை பாத்தேன். காலையிலிருந்து ஒன்பது பேரு போன் பண்ணிட்டாங்க. நல்லா எழுதியிருக்கீங்க அண்ணான்னு சொல்றாங்க. அடுத்தது தக்காளி பத்தி எழுதலாம்னு இருக்கேன். உங்களுக்கு எப்ப லீவு?"

ஆக, ஏழு வருஷ உழைப்புக்குப் பின்னாடி ஓசூர் பக்கம் ஒரு எழுத்தாளர் உருவாகிட்டாரு. அது நான் இல்ல.