பூட்டு சாரின் பதினாறு எழுத்து

பெரம்பலூர் மாவட்டத்தில் என்னை அழவைத்தவர்கள் சிலர் உண்டு, சிரிக்கவைத்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் என்னை உட்கார்ந்த இடத்திலேயே களைத்துப்போகச் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பூட்டு சார்.

பதிவேட்டில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அரியலூரை மாவட்டமாக்கி, கலைத்து, மறுபடியும் ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. பெரம்பலூருக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் நான் கிளார்க். அவர் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். தினமும் அரியலூரிலிருந்து மொபெட்டில் வருவார். மொபெட்டுக்கு இரண்டு பூட்டு. சாப்பாட்டு டப்பாவுக்குக்கூட ஒரு குட்டிப் பூட்டு.

"டப்பாவுல என்ன சார் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தயிர் சாதம் மேடம்."

"அதை யாரு சார் திருடப் போறா?"

"திருட மாட்டாங்க. தெறந்து பாப்பாங்க. அது போதாதா?"

எங்கள் தாளாளர் சென்னையில் இருந்தார். ஊருக்கு வராமலே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகக் கல்லூரிக்கு ஒரு வெப்சைட் வந்தது. பாடக்குறிப்பு, மார்க், லீவ் லெட்டர், ஹாஸ்டல் மனு என்று ஒரு தாள் விடாமல் ஸ்கேன் செய்து அதில் ஏற்ற வேண்டும். ஏற்றும் வேலை என்னுடையது. நானும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு, புளியங்கொட்டை அடுக்குவதுபோல ஏற்றிக்கொண்டிருந்தேன்.

சைட் வந்த இரண்டாம் வருடம் திடீரென்று ஒருநாள் அந்த நம்பர்களைக் காணோம். மேலே முகவரி இருக்கும் இடத்தில், பூனை நடந்துபோனதுபோல நாற்பத்திரண்டு எழுத்து. தலையும் இல்லை, வாலும் இல்லை.

"என்ன சார் இது?"

"சங்கேதம் மேடம். ஃபைல் எங்க இருக்குன்னு இனிமே ஒருத்தனுக்கும் தெரியாது."

"தெரிஞ்சா என்ன சார்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வூட்டு விலாசத்தை வாசல்ல எழுதி வைக்கலாம் மேடம். பீரோ எந்த ரூம்ல இருக்கு, எத்தனாவது தட்டுல என்ன இருக்குன்னு யாராச்சும் வாசல்ல எழுதி வைப்பாங்களா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அந்த நாற்பத்திரண்டு எழுத்தும் அரை மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். பிறகு செத்துப்போகும். புதிதாக வேறு நாற்பத்திரண்டு பிறக்கும். பிரவுசிங் சென்டரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்றிருந்த காலத்தில், அரை மணி என்பது கண் சிமிட்டும் நேரம். பாதிப் பிள்ளைகளுக்குப் பாடக்குறிப்பு கிடைக்கவில்லை. எல்லோரும் எனக்கு போன் செய்தார்கள்.

"மேடம், ஜெயங்கொண்டத்துலேருந்து பேசுறேங்க. லிங்க் வேலை செய்யலைங்க."

"என்ன வருதுன்னு படிப்பா."

"கே, ஏழு, பெரிய எக்ஸ், சின்ன எக்ஸ், அப்புறம் ஒரு குச்சிங்க."

"குச்சின்னா? நம்பர் ஒண்ணா, இங்கிலீஷ் ஐ-யா, எல்-லா?"

"தெரியலைங்க. நேரா நிக்குதுங்க."

ஒரு நாளைக்கு இப்படிப் பத்துக் குச்சி. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தட்டில் முருங்கைக்காயைப் பார்த்தால்கூட இது ஒன்றா, எல்-லா என்று தோன்றும்.

ஒருநாள் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸைப் பிடித்து, இரண்டு பஸ் மாறி, ஒரு முந்திரி விவசாயி வந்து நின்றார்.

"அம்மா, அரை மணி நேரத்துல லிங்கம் மறைஞ்சு போச்சுன்னு எம் பொண்ணு அழுவுதும்மா."

"எங்கய்யா? கோயில்லயா?"

"இல்லீங்க, கம்ப்யூட்டர்ல."

அவருக்குப் பாடக்குறிப்பைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிரின்சிபால் பாடு அதைவிட மோசம். சைட்டில் தான் எழுதிய வாழ்த்துரையை விருந்தாளிக்குக் காட்டப் போனவருக்கு வெள்ளைத் திரைதான் வந்தது. பூட்டு சாரைக் கூப்பிட்டார்.

"என் பேச்சை நானே படிக்க எனக்கு அனுமதி இல்லையாய்யா?"

"அனுமதி இருக்குங்க சார். நேரந்தான் முடிஞ்சு போச்சு."

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய சாவியும் இருந்தது. லேப் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தால் பதினாறு எழுத்துச் சாவிச்சொல் கேட்கும். கொடுக்காவிட்டால் ஒரு ஃபைலும் திறக்காது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தாளில் எழுதிவைக்க மாட்டார்.

இப்படியே இரண்டு வருடம் போனது. அன்று மூன்றாம் ஆண்டு மாணவர்களின் செய்முறை மார்க்கை அனுப்பவேண்டிய கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் வகுப்பு முழுவதும் ஆப்சென்ட். காலை பத்து மணிக்கு கரண்ட் போய், பதினொன்றுக்கு வந்தது. கம்ப்யூட்டர் எழுந்து சாவி கேட்டது. பூட்டு சார் அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இரண்டு நாள் முன்பு, மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல் சேற்றில் மொபெட் வழுக்கி, தாடை எலும்பு உடைந்து, வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"கடைசியில வாயையும் பூட்டிட்டாங்களா?" என்றார் பிரின்சிபால். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதாம்மா போகணும்."

போனேன். வார்டில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி செல்வி, கஞ்சி ஃபிளாஸ்கோடு இருந்தாள். எறையூர்க்காரி. இவள் எதற்கு இங்கே என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. விஷயத்தைச் சொன்னேன். பையிலிருந்து பேனாவும் தாளும் எடுத்தேன். அவர் கண்கள் விரிந்தன. விரலை ஆட்டினார். தாள் கூடாதாம்!

செல்வி வெளியே போய் ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். அவர் ஒரு எழுத்தை எழுதிக் காட்டினார். துடைத்தார். அடுத்ததை எழுதினார். துடைத்தார். நான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

அடுத்த கட்டிலில் கால் முறிந்து படுத்திருந்தவர் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளி. பொழுது போகாமல் கிடந்த மனிதர். சிலேட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

"சின்ன ஆரு! அடுத்தது எட்டு! ஏம்மா, எட்டா அது, பூஜ்யம் ரெண்டா?"

"எட்டுதாண்ணே," என்றது மூன்றாவது கட்டில்.

"எட்டாம்மா, மனசுல வச்சுக்கங்க!"

பூட்டு சார் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். கம்பிக்குள்ளிருந்து ஏதோ முனகல் வந்தது. வேறு வழியில்லை. மறுபடி எழுதினார். பதினாறாவது எழுத்து வந்தபோது நர்ஸ் உட்பட வார்டே ஒரே குரலில் சொன்னது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. வலியினால் இருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் செல்வியும் என்னோடு ஏறினாள். நான் பதினாறையும் ஜெபம்போல முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நடுவில் அலுப்புத் தாங்காமல் சொல்லிவிட்டேன்:

"இந்தப் பைத்தியக்கார மனுசனால என் ஆயுசுல பாதி போச்சு."

செல்வி ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நான் மொத வருசம் ஹாஸ்டல் கேட்டு ஒரு லெட்டர் குடுத்தேனே மேடம், ஞாபகம் இருக்கா? அம்மா எங்கள வுட்டுட்டுப் போனது, அப்பா குடிச்சிட்டு அடிக்கிறது எல்லாம் எழுதியிருந்தேன். பிரவுசிங் சென்டர்ல ஒரு பையன் தன்னோட லெட்டரைப் பாத்துட்டு, சும்மா மேல விலாசத்துல இருந்த பதினேழைப் பதினெட்டாக்கிப் பாத்துருக்கான். என்னுது வந்துருச்சு. மறுநாள் கிளாஸ்ல போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க."

நான் முணுமுணுப்பதை நிறுத்தினேன்.

"நான் வூட்டுக்குப் போயிட்டேன், வரவே மாட்டேன்னு. மூணாம் நாள் சார் எறையூருக்கு வந்தார். ஒண்ணும் கேக்கல. 'பத்து நாள் டைம் குடு பாப்பா'ன்னார். பத்தாம் நாள் மறுபடி வந்து, 'இப்ப நீயே தேடிப் பாரு, கெடைக்குதா'ன்னு சொன்னார். பிரவுசிங் சென்டர்ல உக்காந்து மத்தியானம் பூரா தேடுனேன் மேடம். என்னென்னமோ நம்பர் போட்டுப் பாத்தேன். கெடைக்கல. அதுக்கப்புறந்தான் காலேஜுக்கு வந்தேன்."

பதினெட்டு. அந்த நம்பரைப் போட்டவள் நான்தான். அடுக்கு கலையாமல், அழகாக. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சலித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் "சாரி மேடம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதுதான் தெரிந்தது, எனக்குப் பதினாறில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றாள் செல்வி. "எல்லாமே."

நாலே காலுக்கு அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். திறந்தது. மார்க் போய்ச் சேர்ந்தது. திரையில் மனுக்கள் இருந்த பெட்டியும் தெரிந்தது. "அது என்னம்மா, அதையும் தெறங்க பாப்போம்," என்றார் பின்னால் நின்ற பிரின்சிபால். "நேரம் முடிஞ்சு போச்சுங்க சார்," என்று சொல்லி மூடிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பூட்டு சார் மெலிந்துபோய் வந்தார். வந்ததும் முதல் வேலையாகச் சாவியை மாற்றினார். அன்று மதியம் லேபுக்குப் போனேன். என் கைப்பையில் இரண்டு வருடமாக ஒரு லெட்டர் கிடந்தது. நான் ஏன் அடிக்கடி பாதி நாள் லீவு எடுக்கிறேன், வீட்டில் என் கணவருக்கு என்ன என்று பிரின்சிபாலுக்கு எழுதியது. கொடுத்தால் ஸ்கேன் ஆகி சைட்டில் ஏறிவிடும் என்று கொடுக்காமலே வைத்திருந்தேன்.

"இதையும் உள்ள வச்சிடுங்க சார்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. மடிப்பைப் பிரித்து, எழுத்து கீழ்ப்பக்கமாக இருக்கும்படி ஸ்கேனரில் வைத்து மூடினார். திரையில் என் கையெழுத்து வரிவரியாக வந்து முடியும் வரை, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.